குளத்துக்கட்டில் படுத்த கதாநாயகன்

“…படுத்துக் கிடக்கிறவனை ஆரடா கதாநாயகன் எண்டு சொல்லுவான்? அந்தத் துண்டை வெட்டு, வெட்டு எண்டு எத்தினை நாளாத் தொண்டை கிழியக் கத்துறன். உனக்கென்ன செவிடே?”

பொதுநோக்கு மண்டபத்து வாசலில் நின்று இப்படிக் கத்தியவன்தான் எங்கள் படத்தின் கதாநாயகன். உள்ளே சனம் வந்து இருந்துவிட்டது. யன்னல்களுக்குத் தறப்பாள் கட்டி இருட்டாக்கியாயிற்று. பின்னேர வெயில் தகரக் கூரையில் இறங்கி மண்டபத்தை அப்பச்சட்டி மாதிரிக் காய வைத்திருந்தது. படத்தை எடுத்த வீடியோக்காரன் படியில் குந்தியிருந்து வயர் பொருத்திக்கொண்டிருந்தான். நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

“அதை வெட்டினா மிச்சம் இருக்கிறது படமில்லை அண்ணை, கலியாண வீடியோ.”

“என்ர மானத்தை விட உன்ர படம் பெரிசே?”

“ஓம்.”

இதற்கு மேல் விட்டால் கைகலப்பு வரும் என்று நான் நடுவில் போய் நின்றேன். நின்றதும் கதாநாயகன் என்னில் பாய்ந்தான்.

“நீ பேசாதை. நீயும் படுத்தனிதானே!”

“படுத்தனான்தான். நான் கதாநாயகன் இல்லையே, கதாநாயகன்ர அம்மாதானே. அம்மா படுக்கலாம்.”

சிரிப்பான் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவன் முகம் இன்னும் கறுத்தது.

அவனும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவன் நெல்லு வெட்டுகிற மெசின் ஓட்டுகிறான். நான் துணுக்காய்ப் பக்கம் ஒரு சின்னத் தையல்கடை வைத்திருக்கிறேன். படிப்பு அவ்வளவில்லை. ஆனால் தையல் மெசினுக்கு முன்னால் இருப்பவளுக்குக் காலும் கையும்தான் வேலை, காது சும்மா கிடக்கும். வருகிற சனம் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகும் கதைகளைச் சேர்த்து வைக்கிற பைத்தியம் எனக்கு. அந்தப் பைத்தியத்தை அறிந்துதான் வீடியோக்காரன் என்னிடம் வந்தான்.

அவன் இந்தப் பக்கத்துக் கலியாணம், சாமத்தியவீடு எல்லாம் படம் பிடிக்கிறவன். பெரியபிள்ளையான சிறுமியைக்கூடக் கறுப்புக் கண்ணாடி போட்டு, புகை அடித்து, மெல்ல மெல்ல நடக்க வைத்துப் படம் பிடித்துத் தரச் சொல்லித் தாய்தகப்பன் கேட்கிறார்கள். தகப்பன்மார் தாங்களும் அப்படி நடக்கக் கேட்பார்கள். “அக்கா, எனக்கு விசர் பிடிக்கப் பாக்குது. உலகத்தில ஆரும் இப்பிடி நடக்கிறதில்லை. இதைப் பகிடி பண்ணி ஒரு படம் எடுத்தால்தான் எனக்கு ஆறும்,” என்றான். சண்டைப் படங்களில் வருகிற எல்லாவற்றையும் எடுத்து, அதை எங்கள் ஊருக்குள் நடக்க விடுவதுதான் திட்டம். கதைவசனம் என் பொறுப்பு. அம்மா வேசத்துக்கு ஆள் கிடைக்காததால் அதுவும் என் பொறுப்பு. கதாநாயகனுக்கும் அம்மாவுக்கும் ஒரே வயது என்பதே முதல் பகிடி. தலைக்கு முகப்பவுடர் பூசினேன், முடிந்தது.

துவக்கு வேண்டாம் என்று வீடியோக்காரன் முதல் நாளே சொல்லிவிட்டான். விளையாட்டுத் துவக்கென்றாலும் ஆமியோ பொலிசோ வந்து விசாரிக்கும். ஆகவே எங்கள் கதாநாயகன் முதுகில் வயலுக்கு மருந்தடிக்கிற டாங்கியைக் கட்டிக்கொண்டு சண்டைக்குப் போவான். வில்லன் ஆட்கள் மண்வெட்டியோடு வருவார்கள். வந்து, ஒவ்வொருவராக அடிவாங்க வரிசையில் நிற்பார்கள். பின்னுக்கு நிற்பவன் போன் பார்த்துக்கொண்டிருப்பான். கதாநாயகன் மோட்டார் சைக்கிளில் அறிமுகமாகிற காட்சியில் படம் மெதுவாகி, மெதுவாகி, பின்னால் வந்த மாடுகள் அவனை முந்திக்கொண்டு போகும். வில்லன் அவனைப் பாலை மரத்தில் கட்டிவைத்துத் தன் திட்டத்தை விளக்குவான். விளக்கி முடிவதற்குள் கதாநாயகனுக்கு நித்திரை வந்துவிடும்.

நான் கனக்கச் சண்டைப் படமும் பார்த்திருக்கிறேன், அதுகளைப் பகிடி பண்ணிய படமும் பார்த்திருக்கிறேன். கடல் தாண்டி வந்தவை எதுவும் இதற்குக் கிட்ட நிற்காது. இன்றைக்கு வரை ஊரில் ஒருவரும் இதை நல்ல படம் என்று சொன்னதில்லை. அது ஊரின் பிழை.

கதாநாயகனுக்குப் பகிடி எல்லாம் சம்மதம். ஒன்றே ஒன்று கேட்டான். “ஒரு வெடி வெடிக்கோணும். நான் அதுக்கு முதுகைக் காட்டி, திரும்பிப் பாக்காமல் நடந்து வரோணும். அந்த ஒரு இடத்தில மட்டும் என்னைப் பகிடி பண்ணாதையுங்கோ.” சின்ன வயதிலிருந்தே அந்த நடையில் அவனுக்குப் பித்து. தலைமயிர் வெட்டுவதும் அந்த நடைக்கு ஏற்றமாதிரித்தான். வீடியோக்காரன் ஒப்புக்கொண்டான். அவன் நல்லாய் நடந்து முடியட்டும், முடிந்த பிறகு அம்மா ஓடிவந்து “அடுப்பை நிப்பாட்டினியோடா?” என்று கேட்கட்டும் என்று நான் வசனம் எழுதினேன்.

வெடிக்கு யானைவெடி. எங்கள் பக்கம் வயலுக்குள் யானை இறங்கினால் கொளுத்திப் போடுகிற சாமான். கமக்காரர் ஒருவர் கைவசம் இருந்த ஒன்றைத் தந்தார். வீடியோக்காரன் செய்த புத்திசாலித்தனம், சத்தம் நல்லாய்க் கேட்கட்டும் என்று அதை ஒரு வெறும் தார்ப் பீப்பாய்க்குள் வைத்தது.

குளம் வற்றிய காலம். குளத்துக்கட்டு மேட்டில் கதாநாயகன் கறுப்புக் கண்ணாடியோடு நடந்து வருகிறான். வில்லன் ஆட்கள் கீழே செத்துக் கிடக்கிறார்கள். நான் கட்டு வளைகிற முடக்கில் காத்திருக்கிறேன். கதாநாயகனின் அக்கா புருசன் வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தவர், தன் போனில் தானும் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவர் யுத்தம் இந்தப் பக்கம் வர முந்தியே வெளிநாடு போனவர். வந்த நாள் முதல் “உங்களுக்கு ஒழுங்கா ஒண்டும் செய்யத் தெரியாது” என்பதை வேறு வேறு மாதிரிச் சொல்லிக்கொண்டு திரிந்தவர்.

பீப்பாய் வெடித்தது.

அது யானைவெடிச் சத்தமில்லை. எங்கள் எல்லாருக்கும் தெரிந்த வேறொரு சத்தம். என்ன நடந்தது என்று எனக்கு விளங்கும்போது என் வாய்க்குள் மண். குளத்துக்கட்டில் நடந்தவன் படுத்திருந்தான். சும்மா விழுந்த விழுகையில்லை. முழங்கையை ஊன்றி, நெஞ்சு நிலத்தில் முட்டாமல், காதைப் பொத்தி, வாயைத் திறந்து, செல்லடிக்குப் படுக்கச் சொல்லி எங்களுக்குச் சின்னனில் சொல்லித் தந்த மாதிரியே படுத்திருந்தான். செத்துக் கிடந்த வில்லன் ஆட்கள்கூட உருண்டு குப்புறக் கிடந்தார்கள். கமராவைத் தாங்கியில் நிறுத்தியிருந்ததால் கமரா மட்டும் நின்றது. வீடியோக்காரன் அதன் காலடியில் கிடந்தான்.

நின்றுகொண்டிருந்த ஒரே மனிதர் அவனுடைய அந்த அத்தான்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“எழும்பு மச்சான், எழும்பு! பீப்பாய் ஒண்டும் செய்யாது!”

பின்னேரத்துக்குள் அவர் போனில் பிடித்தது அவர்களுடைய சொந்தக்காரர் எல்லாருடைய போனிலும் இருந்தது. அடுத்த நாள் ஊரில். அதற்குப் பிறகு அவன் வெளிக்கிட்ட இடமெல்லாம் நக்கல்தான். சலூன்காரன், “இருந்துகொண்டு வெட்டுறதோ, படுத்துக்கொண்டோ?” என்று கேட்டானாம். வயலில் ஒருவர், “மெசினையும் படுத்துக்கொண்டே ஓட்டுறனீர்?” என்றாராம். என் கடைக்குச் சட்டை தைக்க வந்த ஒரு பெண் சொன்னது இன்னும் மோசம்: “எங்கட கதாநாயகனுக்குச் சட்டை தைக்கேக்க நெஞ்சுப் பக்கம் ரெட்டைத் துணி வையுங்கோ அக்கா. மண்ணில தேயும்.” எனக்குச் சிரிப்பு வந்தது, மறைக்கவில்லை. இவ்வளவு நல்ல கதையைப் பெற்றெடுக்கிற சனத்தை எப்படி வெறுக்கிறது? ஆனால் சொன்னவர்களில் ஒருவராவது அன்றைக்குக் குளத்துக்கட்டில் நின்றிருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

வேறு யானைவெடி கிடைக்கவில்லை. வீடியோக்காரனுக்கு அது தேவைப்படவுமில்லை. எடுத்ததை ஒருக்கால் போட்டுப் பார்த்துவிட்டு, “அக்கா, நான் நினைச்ச பகிடி எல்லாத்தையும் இது அடிச்சுப்போட்டுது,” என்றான். உலகத்துக் கதாநாயகர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறார்கள். எங்கள் கதாநாயகனுக்கு மட்டும் வெடி என்றால் என்னவென்று தெரியும். அந்தத் துண்டோடு படம் முடிகிறது என்று வைத்துவிட்டான். அன்று தொடங்கிய சண்டைதான் மண்டபத்து வாசல் வரை வந்து நின்றது.

“போடு. போட்டுக் காட்டு,” என்றான் கதாநாயகன் கடைசியாக. “ஆரார் சிரிக்கினம் எண்டு நானும் பாக்கிறன்.”

சொன்னபடியே உள்ளே போய், ஒரு பிளாஸ்டிக் கதிரையை இழுத்துக்கொண்டு போய்த் திரைக்குக் கீழே போட்டான். திரைக்கு முதுகு, சனத்துக்கு முகம். கையைக் கட்டிக்கொண்டு இருந்தான்.  முன்வரிசையில் சோடாவோடு இருந்த அத்தான், “மச்சான், உன்னைப் பாக்கிறதோ படத்தைப் பாக்கிறதோ?” என்று கேட்டார். 

படம் தொடங்கியது. தொடக்கத்திலிருந்தே சனத்துக்குப் பிடிக்கவில்லை. சண்டைப்படம் என்று சொல்லித்தான் ஆட்களைக் கூப்பிட்டிருந்தோம். மாடு முந்திய காட்சியில் பின்வரிசைக் குரல் ஒன்று, “கமரா பழுதோ?” என்றது. வில்லன் ஆட்கள் வரிசையில் நிற்க, சனத்துக்குள் ஒருவர் எழும்பி நின்று உண்மையான கோபத்தோடு கத்தினார்.

“எல்லாரும் ஒண்டாப் பாயுங்கோவன்ரா! என்ன, சங்கக்கடையே, அரிசிக்கு வரிசையில நிக்க?”

எனக்கு அந்த இடத்திலேயே அவரைக் கும்பிட வேண்டும் போல இருந்தது. நான் எழுதிய வசனம் எதுவும் அதற்குப் பக்கத்தில் வராது. திரையில் கதாநாயகன் வீரவசனம் பேசிவிட்டுக் கைதட்டலுக்காகக் காத்திருப்பான். யாரும் தட்டாததால் தானே தட்டிக்கொள்வான். மண்டபத்திலும் யாரும் தட்டவில்லை. மலைநாட்டிலிருந்து வந்து இங்கே குடியேறிய அம்மா ஒருவர் எனக்குப் பக்கத்தில் இருந்தார். “ஏம்மா, நல்ல புள்ளையாட்டம்தான் இருக்கான். எதுக்கு இவன லூசாக்கி வச்சிருக்கீங்க?” என்று கேட்டார். “பகிடிக்கு அம்மா,” என்றேன். “சிரிப்பு வரலியே,” என்றார். உள்ளதைச் சொல்லும் மனுசி.

இரண்டு குடும்பங்கள் எழும்பிப் போயின. போகிற போக்கில் ஒருவர் வீடியோக்காரனைப் பார்த்து, “கலியாணத்துக்கு உன்னைப் பிடிக்க இருந்தனான். இனி யோசிக்கோணும்,” என்றார். அவன் லப்டொப்பை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. நான் கதாநாயகனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் ஒரு முகத்திலிருந்து அடுத்த முகத்துக்கு, நெற்கதிர் பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டு போனான். எவரும் சிரிக்காததில் அவனுக்கு ஆறுதல் வரவில்லை. எல்லாரும் அந்த ஒன்றுக்காகச் சிரிப்பைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியும். பலருடைய கை ஏற்கெனவே வாய்க்குக் கிட்ட இருந்தது. அத்தான் பக்கத்திலிருந்தவரைத் தட்டி, “இந்தா வருது, இந்தா வருது,” என்றார்.

திரையில் குளத்துக்கட்டு வந்தது. கறுப்புக் கண்ணாடியோடு அவன் நடந்து வந்தான். உண்மையைச் சொன்னால், நல்லாய்த்தான் நடந்தான்.

ஒலிபெருக்கி கோயில் திருவிழாவுக்கு வாடகைக்கு விடுகிற பெட்டி. வீடியோக்காரன் அதை எவ்வளவு திறந்து வைத்திருந்தான் என்று யாருக்கும் தெரியாது. நாலு பக்கமும் அடைத்த மண்டபம். மேலே தகரம்.

பீப்பாய் வெடித்தது.

நான் கீழே கிடந்தேன். பக்கத்து அம்மாவின் கை என் தலையைச் சீமெந்து நிலத்தோடு அமத்திக்கொண்டிருந்தது. கதிரைகள் சரிந்து, செருப்புகள் பறந்து, எங்கேயோ ஒரு போத்தில் உருண்டு போகும் சத்தம் மட்டும் கேட்டது.  பிறகு யாரோ மெல்லத் தூசணத்தில் வீடியோக்காரனின் பரம்பரையை விசாரிக்கத் தொடங்கினார்.

கதிரைக் கால்களுக்கு நடுவால் நான் பார்த்தேன். சலூன்காரன் முழங்கையை ஊன்றிக் கிடந்தான். நெஞ்சுக்கு ரெட்டைத் துணி சொன்னவள் சுவரோரம் காதைப் பொத்தியபடி கிடந்தாள். சங்கக்கடை கேட்டவர் வாயைத் திறந்து வைத்திருந்தார், முறை பிசகாமல். அத்தான் ஒருவர்தான் தன் கதிரையில் நிமிர்ந்து, சோடாப் போத்திலோடு, பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி அங்குமிங்கும் பார்த்துக்கொண்டிருந்தார். “என்ன? என்னப்பா? படம்தானே?” என்று கேட்டார்.  எழும்பினால் அடுத்தவர் பார்த்துவிடுவார் என்று எழும்ப ஒருவருக்கும் மனமில்லை.

எங்களை எல்லாம் பார்த்துக்கொண்டு கதாநாயகன் அந்தக் கதிரையிலேயே இருந்தான். முதுகுக்குப் பின்னால் வெடித்தது அவனுக்கும்தான். கதிரையின் இரண்டு கையையும் அவன் விரல்கள் இறுக்கிப் பிடித்திருந்தன. அவனுடைய சட்டை கழுத்தோடு நனைந்திருந்தது. ஆனால் இருந்தான்.

வீடியோக்காரன் பதறிப்போய், “நிப்பாட்டுறன், நிப்பாட்டுறன், குறை நினைக்காதையுங்கோ,” என்று மேசையடியிலிருந்து கையை நீட்டி லப்டொப்பைத் தேடினான்.

கதாநாயகன் எழும்பினான். விழுந்து கிடந்த எங்களுக்கு மேலால் கால் வைத்து வைத்து, அவசரமில்லாமல், மேசைக்கு வந்தான். வீடியோக்காரனின் கையைத் தட்டிவிட்டான். ஒலிபெருக்கிக் குமிழைக் கடைசி மட்டும் திருகினான். பிறகு, அந்தத் துண்டை அது தொடங்குகிற இடம்வரை தானே பின்னுக்கு இழுத்து, இன்னொருக்கால் போட்டான்.