அரசாங்கம் படிக்க வைத்த பிள்ளை

கருமக்கிரியைக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களே, நண்பர்களே! உங்களில் பாதிப் பேரோடு எங்கள் அக்கா ஒரு முறையாவது வாய்ச்சண்டை போட்டிருப்பார். மீதிப் பேருக்கு நேரம் அமையவில்லை, அவ்வளவுதான். உடன்பிறந்த தம்பி என்பதால் எனக்கு அந்தப் பாக்கியம் தினமும் கிடைத்தது.

அக்கா செமோருக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் ரப்பர் பால் வெட்டப் போய்விட்டால் என்னை இடுப்பில் தூக்கித் திரிந்தவர் அவர்தான். "எனக்குப் படிப்பு ஏறலடா, அதுக்கு யாரு என்ன பண்றது?" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அதில் வருத்தம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. முதலாளி தோட்டத்தை வீடு கட்ட விற்றபோது எல்லாரும் ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டுக்குக் குடிவந்தோம். அக்காவின் கணவர், என் மச்சான், லோரி ஓட்டினார். ஒரே மகள் யமுனா நடை பழகும் வயதில் இருந்தபோது அவர் மாரடைப்பு வந்து போய்விட்டார். அதன் பிறகு பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைத்தே அக்கா மகளை ஆளாக்கினார். அவர் பிரட்டும் மீ கோரெங் நூடுல்ஸுக்காக ஓய்வு மணி எப்போது அடிக்கும் என்று காத்திருந்த ஆசிரியர்கள் உண்டு.

யமுனாவுக்குப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் படிப்புக்கு இடம் கிடைத்தது. அரசாங்க உபகாரச் சம்பளம். கட்டணம் முழுவதையும் அரசாங்கமே கட்டியது. ஆகா, அன்று அக்கா தெரு முழுக்கக் கேசரி கொடுத்தார்! எங்கள் நெடுங்கால வாதமும் அன்றுதான் ஆரம்பித்தது. அப்போது என் மகன் கடன் வாங்கிப் படித்துக்கொண்டிருந்தான்.

"எல்லாப் பிள்ளைங்களுக்கும் அரசாங்கமே கட்டணும்க்கா. நாம வரி கட்டலையா?" என்றேன்.

"கட்டட்டும்லா, நான் வேணாம்னா சொன்னேன்? ஆனா கட்டுனா அது வீட்டுப் புள்ள இல்ல, ஊருப் புள்ள. எங்க போகச் சொல்றாங்களோ அங்க போவணும்" என்றார் அக்கா.

"படிக்க வைக்கிறது அவங்க கடமைக்கா. கடமையச் செய்யறதுக்குக் கண்டிஷனா?"

"கமுந்திங் பேக்டரில கால் கடுக்க நிக்கிற பொண்ணும்தான் வரி கட்டுது. அவ காசுல படிச்சிட்டு உன் பாட்டுக்குப் போயிருவியா?"

தீபாவளி, கல்யாணம், காதுகுத்து என்று எங்கே சந்தித்தாலும் இதே கதைதான். சோறு ஆறிப் போகும், நாங்கள் ஓய மாட்டோம். இப்போது நினைத்தால் அந்தச் சத்தத்துக்கு மனம் ஏங்குகிறது.

படிப்பு முடிந்ததும் யமுனாவைக் கடல் தாண்டிச் சரவாக்கின் உட்பகுதியில் ஓர் ஆற்றோரப் பள்ளிக்கு அனுப்பினார்கள். படகில்தான் போக வேண்டும். "அப்பீல் பண்ணிப் பாக்கலாமாம்மா?" என்று அவள் தயங்கினாள். "அங்க உள்ள பிள்ளைங்களுக்கும் டீச்சர் வேணும்ல?" என்று சொல்லி, சம்பாலும் ஊறுகாயும் வைத்துப் பெட்டியைக் கட்டிக்கொடுத்தார் அக்கா. விமான நிலையத்தில் அவர் அழவில்லை. வீட்டுக்கு வந்து அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்.

சில வருடங்களில் அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டது. ரத்தம் சுத்தம் செய்ய நான்தான் காரில் கூட்டிப்போவேன். டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கினால் யமுனாவுக்கு ஈப்போ பக்கம் மாற்றல் கிடைக்கலாம் என்று பலர் சொன்னார்கள். அக்கா மசியவில்லை.

"என் சீக்கக் காட்டி அவளுக்கு மாத்தல் வாங்குறதா? அவ வந்துட்டா அங்க யாரு போவா?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அரசாங்கம்தான் உங்களுக்குப் பெருசா? மக வேணாமா?" என்று காருக்குள்ளேயே கத்திவிட்டேன். அக்கா வெளியே சுண்ணாம்புக் குன்றுகளைப் பார்த்தபடி, "ரோட்டப் பாத்து ஓட்டுடா" என்றார்.

கடைசியாக மருத்துவமனையில் படுத்திருந்தபோது ஒரு நாள் காலை கஞ்சி கொண்டுபோனேன். வாயில் வைக்கவில்லை.

"தம்பி, யமுனாவ வரச் சொல்லுடா."

என் காதையே நம்ப முடியவில்லை. "பள்ளிக்கூடம் நடக்குதேக்கா" என்றேன்.

"நடக்கட்டும்லா. அரசாங்கம் ஃபீஸ்தானே கட்டுச்சு? பெத்தது நான்டா."

இத்தனை வருட வாதத்தில் அன்றுதான் நான் ஜெயித்தேன். அக்கா விட்டுக்கொடுத்ததே எனக்குப் பயமாக இருந்தது. வெளியே வந்து போன் பண்ணினேன்.

யமுனா வந்து சேர்ந்தாள். அக்கா அவள் கையால் கஞ்சி குடித்தார். அவள் பள்ளிப் பிள்ளைகளின் படங்களைப் போனில் ஒவ்வொன்றாகக் காட்டச் சொல்லிப் பெயர் கேட்டார். அந்த வாரக் கடைசியில், மகள் பக்கத்தில் இருக்க, அமைதியாகக் கண்மூடினார்.

அக்காவைப் பார்த்துக்கொண்ட தாதியருக்கும், துக்க வீட்டுக்குப் பந்தல் போட்டுச் சமைத்துப்போட்ட அக்கம்பக்கத்தாருக்கும், கொட்டும் மழையில் யமுனாவைப் படகில் ஏற்றிவந்து விட்ட அந்த ஆற்றோரப் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர்களுக்கும் எங்கள் குடும்பம் நன்றியோடு கைகூப்புகிறது.

யமுனா இந்த ஞாயிற்றுக்கிழமை வேலைக்குத் திரும்புகிறாள். "இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டுப் போலாமேம்மா" என்று கேட்டுப் பார்த்தேன்.

"அம்மா இருந்தா இந்நேரம் வெரட்டியிருப்பாங்க மாமா" என்றாள்.

விரட்ட ஆள் இல்லாத வீட்டிலிருந்து, அவளாகவே பெட்டியைக் கட்டிக்கொண்டிருக்கிறாள்.