சூடு சுரணை

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. லாண்டரியில் போய் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். சமையலறையிலிருந்து எது வெளியே வந்தாலும் "குடிங்க, குளிர்ச்சி", "சாப்பிடுங்க, குளிர்ச்சி" என்று வாய்க்கு வாய் சொல்லிச் சொல்லியே அவள் குளிர்ச்சியக்கா ஆகிவிட்டாள். முதலாளியும் அப்படித்தான் கூப்பிடுவார். அவளும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பாள்.

ஹோட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் வரும் போர்வை, துண்டு, தலையணை உறை எல்லாவற்றையும் மொத்தமாக வெளுத்துத் தேய்த்து அனுப்புகிற இடம் அது. பின்பக்கத் தகரக் கொட்டகையில் பாய்லர். அதிலிருந்து நீராவி குழாய் வழியாக இஸ்திரிக் கூடத்துக்குப் போகும். வெயில் காலத்தில் அந்தக் கூடத்தில் நிற்பதை வேலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், தண்டனை என்றுதான் சொல்வார்கள். வெளியே கொளுத்துகிற வெயில் போதாதென்று உள்ளே ஆவி வேறு. அங்கே நின்று தேய்க்கிறவர்களுக்கு மதியச் சாப்பாடும், இடையிடையே குடிக்க ஏதாவதும் கொடுப்பது குளிர்ச்சியக்காவின் பொறுப்பு.

அதில் அவளை யாரும் குறை சொல்லிவிட முடியாது. வெயில் தலை தூக்கியதும் அவள் சமையல் நிறம் மாறும். காய்ந்த மிளகாயைக் கண்ணில் காட்ட மாட்டாள். கொத்தமல்லி விதையை அள்ளி வறுத்து அரைப்பாள். ரசத்தில் சீரகம் தூக்கலாக இருக்கும். வெந்தயத்தை முதல் நாளே மோரில் ஊறப்போட்டு, அது பருத்து வழவழவென்று ஆனதும் குழம்பில் சேர்ப்பாள். மோர் என்றால் வெறும் மோர் இல்லை, இஞ்சி தட்டிப் போட்டு, வறுத்த சீரகத்தைக் கையாலேயே நொறுக்கித் தூவி, பெருங்காயம் கரைத்து, உப்பைக் கொஞ்சம் கூடவே போட்ட மோர். "வேர்வையில போனது உப்புதானே, அத யாரு திருப்பிக் குடுப்பா?" என்பாள். மிளகை மட்டும் விட மாட்டாள். இந்த வெயிலில் மிளகா என்று யாராவது முகத்தைச் சுளித்தால், "வேர்க்கட்டும். வேர்த்தாத்தான் உடம்பு ஆறும். உங்க பாய்லர்லயும் ஆவி வெளிய போகலன்னா என்ன ஆகும்?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவாள். பக்கத்து லாண்டரியில் ஆட்கள் மயங்கி விழுந்தார்கள் என்று செய்தி வரும். இங்கே அப்படி ஒருவரும் விழுந்ததில்லை. அந்தப் பெருமை அவளுக்கு நிறையவே உண்டு, அதை அவள் ஒளித்து வைத்ததும் இல்லை.

அவளிடம் கோளாறு ஒன்றே ஒன்றுதான். உலகத்தில் உள்ள எல்லா நோய்க்கும் அவளிடம் ஒரே பெயர் இருந்தது. கண் எரிகிறதா, சூடு. வாயில் புண்ணா, சூடு. நீர் கடுக்கிறதா, முடி கொட்டுகிறதா, தூக்கம் வரவில்லையா, பிள்ளை சொன்ன பேச்சு கேட்கவில்லையா, எல்லாம் சூடு. சொல்கிறவர் சொல்லி முடிப்பதற்குள் இவள் தம்ளரை எடுத்திருப்பாள். பெரும்பாலும் அவர்களுக்குச் சரியாகியும் போயிற்று. அதுதான் வம்பாகப் போனது.

பாய்லர் கொட்டகையில் இருப்பவர் அவள் வீட்டுக்காரர். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் உலை கொதித்துவிடும். கோபம் என்பது அவருக்கு வந்ததே கிடையாது. ஒருமுறை ஆவி குறைந்துபோனதற்கு முதலாளி கூடத்தில் எல்லார் முன்னாலும் அவரைப் பிடி பிடியென்று பிடித்தார். தப்பு இவர் மேல் இல்லை, குழாயில் ஓட்டை. அதையாவது சொல்லலாம் அல்லவா? தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நேராகச் சமையலறைக்கு வந்து மோர் வாங்கிக் குடித்தார்.

"ஏங்க, உங்களுக்குச் சூடு சொரணையே கெடையாதா?" என்று அவள் பல்லைக் கடித்தாள்.

அவர் தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சிரித்தார்.

"மோர் எப்படி இருக்கு?" என்றாள், கோபத்தோடே.

"குளிர்ச்சியா இருக்கு."

அவர் எப்போதும் சொல்கிற பதில் அதுதான். எதைக் கொடுத்து எப்படி இருக்கிறது என்று கேட்டாலும் குளிர்ச்சியாக இருக்கும் அவருக்கு. சூடு சுரணை இல்லாத மனிதர் என்று நாளும் பொழுதும் அவரைத் திட்டியதும் இவள்தான், ஊரிலேயே உடம்பில் அதிகச் சூடு உள்ள மனிதர் என்று முடிவு கட்டியதும் இவள்தான். இரண்டும் எப்படி ஒரே ஆளுக்குப் பொருந்தும் என்று அவள் யோசிக்கவில்லை. நாமும் யோசித்திருக்க மாட்டோம்.

சூடு என்று அவள் முடிவு கட்டியதற்குக் காரணம் இருந்தது. அவருக்குத் தாகம் அடங்குவதே இல்லை. சொம்பு சொம்பாகக் குடிப்பார், அடிக்கடி பின்பக்கம் எழுந்து போவார். ஆள் வேறு மெலிந்துகொண்டே வந்தார். பாய்லர் பக்கத்திலேயே கிடக்கிற மனுஷன், உள்சூடு ஆளை உருக்குகிறது, வேறென்ன? மற்றவர்களுக்கு மோர் என்றால் அவருக்கு மட்டும் தனிக் கவனிப்பு. வெல்லத்தைத் தட்டித் தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, சுக்கும் ஏலக்காயும் பொடித்துப் போட்டு, எலுமிச்சை பிழிந்து, மண்பானையில் வைத்துக் கொடுப்பாள். நாளாக ஆகத் தம்ளர் போய்ச் சொம்பு வந்தது. கூடத்துப் பெண்கள் இதைப் பார்த்துவிட்டு, "எங்களுக்கெல்லாம் மோரு, பாய்லர்காரருக்கு மட்டும் வெல்லமா? நடக்கட்டும் நடக்கட்டும்" என்று கண்ணடிப்பார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது.

அவருடைய அக்கா ஒருமுறை வந்து தங்கினாள். வந்தவள் தம்பியை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னடா இது, சட்டைய ஆணியில மாட்டின மாதிரி இருக்க? ஏம்மா, உன் குளிர்ச்சியில என் தம்பி கரைஞ்சே போயிட்டான் போலிருக்கே?"

"பாய்லர்ல வேலை பாத்தா எல்லாரும் இப்படித்தான் அண்ணி. நான் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

"ஒரு டாக்டர்கிட்டக் காட்டுங்களேன்."

"சூட்டுக்கு எதுக்கு டாக்டர்?"

நாத்தனார் சொன்னால் கேட்டுக்கொள்கிற தம்பி பெண்டாட்டி எந்த ஊரில் இருக்கிறாள்? அன்று வெல்லம் இன்னும் ஒரு கை கூடுதலாக விழுந்தது.

அந்த வெயில் காலத்தின் நடுவில் ஒரு பகல். சொம்பை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். அவர் முக்காலியில் உட்கார்ந்து அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமான கனத்த செருப்பு ஒருபுறம் கிடந்தது. வெறுங்காலைத் தூக்கிப் பக்கத்தில் போகிற குழாயின் மேல் வசதியாக வைத்திருந்தார். குழாயைச் சுற்றியிருந்த, தையல் பிரிந்த உறை விலகி, அந்த இடத்தில் இரும்பு வெளியே தெரிந்தது. அவளுக்கு முதலில் வந்தது வாடை.

"கால எடுங்க! ஐயோ, கால எடுங்க!"

அவர் அவளைப் பார்த்தார், பிறகு குனிந்து பார்த்தார்.

"எந்தக் கால?" என்றார்.

சொம்பு கையிலிருந்து விழுந்து உருண்டது. அவள் ஓடிப்போய்க் காலைப் பிடித்துத் தூக்கினாள். தூக்கும்போது குழாயில் அவள் விரல் பட்டுக் கையை உதறினாள். உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தாள். தோல் வெந்து வெளுத்திருந்தது.

"கால்ல ஈரம் பாத்தேன். வேர்வைன்னு நெனச்சேன்," என்றார் அவர், தப்புச் செய்துவிட்டதைப் போல.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா அவர் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கருவியில் வைத்தார். பார்த்தார். திரும்ப ஒருமுறை குத்தி வைத்தார். பிறகு டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினார். திரும்பி வந்து இன்னொரு காலையும் நீட்டச் சொல்லி, அவரைக் கண்ணை மூடச் சொல்லி, நுனி மழுங்கிய ஊசியால் அங்கங்கே தொட்டார். தொடும்போதெல்லாம் அவர் சும்மாவே இருந்தார்.

"ரெண்டு கால்லயும் சொரணையே இல்லையேம்மா," என்றார் நர்ஸம்மா.

குளிர்ச்சியக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எத்தனை தடவை அவரைப் பார்த்து அவள் சொன்ன வார்த்தை அது.

டாக்டர் களைத்துப்போன மனிதர். அவளைத் திட்டவில்லை. சர்க்கரை என்றார், இன்று நேற்று வந்ததில்லை, பல வருஷமாக இருந்திருக்கிறது என்றார்.

"தண்ணித் தாகம் எவ்வளவு நாளா?"

"வெயில் ஆரம்பிச்சதுல இருந்து டாக்டர். இந்த வெயில்ல எல்லாருக்கும்தானே..."

"போன குளிர்காலத்துல?"

போன குளிர்காலத்திலும் இவர் சொம்பு சொம்பாகத்தான் குடித்தார். சூடு இன்னும் இறங்கவில்லை என்று அவள்தான் சொன்னாள்.

"தாகத்துக்கு என்ன குடிச்சாரு?"

"வெல்லத் தண்ணி," என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டு எழுதினார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது, அது யார் மேல் என்று தெரியவில்லை.

"வெந்த எடம் மெதுவா ஆறும். சொரணை கொஞ்சமாவது திரும்புதான்னு பாக்கணும். திரும்பலன்னா பாய்லர் பக்கமே விடாதீங்க. இன்னொரு தடவ இப்படி ஆனா காலையே எடுக்க வேண்டி வரும்," என்றார் டாக்டர்.

நர்ஸம்மா கட்டுப் போட்டுவிட்டு அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "புண்ணு ஆறினப்புறம் தினமும் காலக் கழுவித் தொடச்சு விடுங்க. வெதுவெதுப்பா இருந்தாப் போதும். தண்ணி சரியா இருக்கான்னு அவரக் கேக்காதீங்க, உங்க கைய விட்டுப் பாருங்க."

வீட்டில் வெல்லம் வாங்குவது நின்றது. லாண்டரியில் சமையல் நிற்கவில்லை. அதே சீரகம், அதே மல்லி, அதே மோர். ஆனால் இஸ்திரிக்காரி ஒருத்தி வந்து, "கண்ணு எரியுதுக்கா, சூடுன்னு நெனக்கிறேன்" என்றால், குளிர்ச்சியக்கா இப்போது தம்ளரை எடுப்பதில்லை. "எத்தன நாளா?" என்று கேட்கிறாள். கேட்டுவிட்டு முகத்தையே பார்க்கிறாள். "என்னக்கா இப்படிப் பயமுறுத்துற?" என்று அவர்கள்தான் தம்ளரை எடுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

அவருடைய புண் ஆற மழைக்காலம் வந்துவிட்டது. காலையில் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, கீழே பேசினில் தண்ணீர் விளாவி, கையை விட்டுப் பார்த்துவிட்டு, காலை உள்ளே வைப்பாள். நர்ஸம்மா சொன்னதை அதுவரைக்கும்தான் கேட்டாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை.

"சூடு தெரியுதா?"

"இல்ல."

தினமும் கேட்டாள், தினமும் இல்லை என்றார். அவர் இல்லை என்று சொல்லி அவள் கேட்டதே கிடையாது, இப்போது தினம் ஒரு தடவை கேட்க வேண்டியிருந்தது. பிறகு ஒருநாள், "லேசாத் தெரியுற மாதிரி இருக்கு" என்றார். அவளுக்குத் தலை கால் புரியவில்லை. லாண்டரியில் கூடம் முழுக்கச் சொன்னாள். நாத்தனாருக்குப் போன் போட்டுச் சொன்னாள். அடுத்தடுத்த நாட்களில், "தெரியுது", "நல்லாத் தெரியுது", "பதமா இருக்கு" என்று வளர்ந்தது. பாய்லருக்கு ஆள் கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்த முதலாளி, அவரை எப்போது அனுப்புகிறாய் என்று கேட்கத் தொடங்கியிருந்தார். வருகிற வாரம் அனுப்புகிறேன் என்று அவளும் ஒப்புக்கொண்டாள்.

மறுநாள் காலை அடுப்பில் பால் பொங்கிவிட்டது. அதைத் துடைத்து, வெந்நீரை இறக்க மறந்து, பானையிலிருந்து மொண்டு ஊற்றிய தண்ணீரோடு அப்படியே பேசினைக் கொண்டுவந்து வைத்துவிட்டாள். அவர் காலை எடுத்து உள்ளே வைத்தாள். கேள்வி தானாகவே வாயில் வந்தது.

"சூடு தெரியுதா?"

"தெரியுது. பதமா இருக்கு."

அவள் கை தண்ணீருக்குள் அவர் கால் மேல்தான் இருந்தது. விரல் விறைக்கிற மாதிரி ஜில்லென்று இருந்தது.

"ஏங்க," என்றாள். "இது பானத் தண்ணி."

அவர் பேசினைப் பார்த்தார்.

"தினமும் கேக்குற. இல்லன்னு சொன்னா உன் மொகம் ஒரு மாதிரி ஆயிடுது," என்றார்.

அவள் நிமிரவில்லை. தண்ணீருக்குள்ளிருந்து கையையும் எடுக்கவில்லை.

"அப்ப அந்த வெல்லத் தண்ணி? அது குளிர்ச்சியா இருந்துச்சா இல்லையா?"

"குடிக்கக் குடிக்கத் தாகம்தான் கூடுச்சு."

"அத அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்ல?"

"நீதான் குளிர்ச்சின்னு சொன்னியே."

அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அவருக்குக் குற்றம் சொல்லத் தெரியாது. அவளுக்குத்தான் அப்போது அழுகை வந்தது, ஆஸ்பத்திரியில் வராததெல்லாம் சேர்த்து வந்தது. பேசினை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டினாள். அடுப்பிலிருந்த வெந்நீரை ஊற்றி, பச்சைத் தண்ணீர் விட்டு விளாவி, முழங்கை வரை விட்டுப் பார்த்தாள். முதலாளியிடம் என்ன சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே திரும்பி வந்து, அவர் காலைத் தூக்கித் தண்ணீரில் வைத்தாள்.

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எதுவும் கேட்கவில்லை.