ரஞ்சி அக்காவின் கடலை ஊற்றியவர்களுக்கு

"அக்கா விடியப்புறம் மோசம் போயிட்டா" என்று தொலைபேசியில் சொன்ன ரஞ்சி அக்காவின் தம்பி, நான் ஒரு சொல் பேசுவதற்குள் அடுத்ததையும் கேட்டுவிட்டார். "உந்த மீன் தொட்டியளை ஆரும் எடுப்பினமோ?" கொள்ளுப்பிட்டியில் அலுவலகப் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தேன். அழுகை வரவேண்டிய இடத்தில் எனக்கு ஆத்திரம் வந்தது. அது இன்னும் அடங்கவில்லை.

அவரை அறிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். முப்பத்தோராம் நாள் வெளியிட்ட நினைவு மலரில் அவரைப் பக்தை என்றும் பாசமுள்ள சகோதரி என்றும் அச்சடித்திருக்கிறார்கள். வெள்ளவத்தை மாடிவீட்டில், கடல்நீர்த் தொட்டியில் அவர் வருடக்கணக்காக வளர்த்த பவளங்களைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. அதை எழுதியவர் அந்த வீட்டு வாசற்படியை மிதித்திருப்பாரா என்பதே சந்தேகம்.

நாங்கள் இருவரும் ஒரே காப்புறுதி அலுவலகத்தில் வேலை செய்தோம். புதிதாக வந்த முகாமையாளர் ஒருவர், வெளிநாட்டு விருந்தினர் வருகிறார்கள், வரவேற்பறையில் கடல்மீன் தொட்டி ஒன்று வைத்துத் தாருங்கள் என்று அக்காவிடம் கேட்டார். நாளை மறுநாளே வேண்டுமாம். "சேர், உங்களுக்குத் தேவை மீன் இல்லை, படம். பெரிசா ஒண்டு வாங்கிக் கொழுவுங்கோ" என்றார் அக்கா. முகாமையாளர் சிரித்து மழுப்பினார். அக்கா சிரிக்கவில்லை. கடலில் உடைத்த பவளத்தை யாராவது கொண்டுவந்து நீட்டினாலும் இதே முகம்தான். அவரிடம் இருந்தவை எல்லாம், வளர்ப்பவர்கள் தங்களுக்குள் துண்டு துண்டாக மாற்றிக்கொண்டவை.

அண்மையில் அவருடைய தொட்டியின் மூலையில் தண்ணீர் கசியத் தொடங்கியது. ஒட்டிப் பார்த்தும் நிற்கவில்லை. எல்லாவற்றையும் பெரிய தொட்டி ஒன்றுக்கு மாற்றியே ஆகவேண்டும் என்று ஆயிற்று. வெள்ளவத்தைக் கரைத் தண்ணீரில் கால்வாய்க் கழிவு கலக்கிறது என்பதால், ஹெந்தளைப் படகுக்காரர் ஒருவரைப் பிடித்துத் தூரக் கடலில் இருந்து தண்ணீர் எடுப்பித்தார். அது பல்கனியில் நீலப் பீப்பாய்களில் நின்றது. உப்பையும் சூட்டையும் நாள்தோறும் அளந்து, பழைய தொட்டித் தண்ணீரோடு ஒத்துவரட்டும் என்று காத்திருந்தார். இன்றைக்கே மாற்றினால் என்ன என்று நான் அவசரப்பட்டபோது அதட்டினார். "ஐசே, வீடு மாறினது அதுகளுக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சால் செத்துப்போகும்." அப்படிக் காத்திருந்த நாட்களில்தான் நெஞ்சுவலி வந்து போய்விட்டார்.

தகனம் முடிந்து நாங்கள் திரும்பியபோது பல்கனி ஈரமாகக் கிடந்தது. பீப்பாய்களைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். சாவு நடந்த வீட்டில் நின்ற தண்ணீரை வைத்திருக்கக் கூடாது என்று, வீடு கழுவியபோது எல்லாவற்றையும் ஊற்றிவிட்டார்களாம். இந்த வழக்கம் எனக்குப் புதிதல்ல. கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டிலும் குடத்துத் தண்ணீரை ஊற்றியிருக்கிறோம். ஆனால் குடத்துத் தண்ணீருக்கும் கடல் தண்ணீருக்கும் வித்தியாசம் பார்க்க ஒருவருக்குக்கூடவா தோன்றவில்லை? கவிழ்ந்த பீப்பாய் ஒன்றை நான் நிமிர்த்தும்போதே அக்காவின் சித்தி, கசிகிற பழைய தொட்டியைக் காட்டினார்.

"உதையும் இறைச்சுப்போட்டு நல்ல பைப் தண்ணி விடுங்கோ. செத்த வீட்டுத் துடக்குத் தண்ணி."

பைப் தண்ணீர் விட்டால் அதற்குள் ஓர் உயிரும் மிஞ்சாது. வாளியோடு வந்தவரை மறித்துக்கொண்டு நின்று சித்தியிடம் கேட்டேன். "சித்தி, இந்த வீட்டுக்கு முன்னாலயும்தான் கடல் கிடக்கு. அதையும் இறைச்சு ஊத்துவியளோ?"

"பிள்ளையை எரிச்ச நெருப்பு இன்னும் ஆறேல்லை. உமக்கு மீன் பெரிசாப் போச்சோ?" என்று அவர் விம்மி அழுதார்.

அந்த அழுகை உண்மையானது. ஆனாலும் நான் அசையவில்லை. பிள்ளை போய்விட்டாள் என்று அழுதுகொண்டே, பிள்ளை வளர்த்ததை எல்லாம் கொல்ல வாளி தூக்குவது என்ன நியாயம்? கடைசியில் தம்பிதான் வாளியை வாங்கி வைத்தார். அந்த ஒன்றுக்காக அவருக்கு நன்றி.

படகுக்காரர் சாவைக் கேள்விப்பட்டு மறுபடியும் தண்ணீர் கொண்டுவந்தார். பெரிய தொட்டியைக் கொட்டாஞ்சேனையில் என் வீட்டில் வைத்தேன். பழைய தண்ணீரையும் கூடவே எடுத்துப்போய், முதலில் கற்கள், பிறகு பவளங்கள், கடைசியாக மீன்கள் என்று அக்கா சொன்ன ஒழுங்கில் மாற்றினேன். கசிவு கூடிக்கொண்டு வந்ததால் புதுத் தண்ணீரைப் பழகவிட நேரம் இருக்கவில்லை. இரண்டு பவளங்கள் வெளுத்துச் செத்தன. அக்கா பக்குவப்படுத்தி வைத்த தண்ணீர் இருந்திருந்தால் அவையும் பிழைத்திருக்கும். இதை நான் மன்னிக்கப் போவதில்லை.

அவருடைய பொறுமை என்னிடம் இருக்கிறது என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். அது என்னிடம் இல்லை. அவருடைய கோபம்தான் இருக்கிறது. கொட்டாஞ்சேனைப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள். மிச்சப் பவளங்கள் எல்லாம் விரிந்து நிற்கின்றன, ஆறுதலாக இருந்து பாருங்கள். கண்ணாடியில் மட்டும் விரலால் தட்டாதீர்கள். தட்டினால், ரஞ்சி அக்கா எனக்கு விட்டுப்போனது என்ன என்பதை எங்கள் வீதி முழுவதும் கேட்கும்.