சூசைராஜ் மாமா வண்டியை உயர்த்திய கதை

என் அம்மாவின் தம்பி சூசைராஜ் ஆவூரில் பதினெட்டு வருடமாகப் பிக்கப் ஓட்டுகிறார். கடலை, தேங்காய், கல்யாண வீட்டுப் பாத்திரம், எதற்குக் கூப்பிட்டாலும் போவார். ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் திரும்பியபோது, அவர் மனைவி ஞானமணி அத்தைக்கு முதுகெலும்பில் புற்றுநோய் என்று சொல்லியிருந்தார்கள். திருச்சியில் இருபத்தைந்து நாள் கரண்டு வைக்க வேண்டும், அதாவது கதிர்வீச்சு. காருக்குள் குனிந்து ஏற அத்தையால் முடியவில்லை. பிக்கப்பின் முன்சீட்டில் நிமிர்ந்து உட்காரலாம். அதனால் மாமா ஓட்ட, நான் அத்தையைப் பிடித்துக்கொள்ள, மூவரும் போய் வந்தோம்.

ஸ்பிரிங் தளர்ந்து வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்துபோயிருந்தது. கண்மாய்க் கரைப் பாதையில் அடிப்பாகம் கல்லில் இடிக்கும். இடிக்கும்போதெல்லாம் அத்தை கத்திவிடுவார். முதல் ஞாயிறு பூசை முடிந்ததும் மாமா வண்டியைக் கீரனூரில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனார். நானும் போனேன்.

மெக்கானிக் திருப்பதி இரண்டு வழி சொன்னார். அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் இரும்புக் கட்டை வைத்து உயர்த்தலாம். இல்லையென்றால் ஸ்பிரிங்கையே மாற்றி, கனமான பட்டைகளாக அடுக்கலாம்.

“என்னண்ணே ஏத்துவீங்க?”

“வழக்கமான லோடுதாப்பா.”

“அப்பக் கனப் பட்டையே போட்டுருங்க. மூணு இஞ்சு ஏறிரும். கட்டையெல்லாம் ஆளு ஏத்துறவங்களுக்கு.”

மாமா என்னைப் பார்த்தார். அத்தையின் நோயை அவர் வெளியில் யாரிடமும் சொல்வதில்லை. “கனமானதே போடு” என்றார். நானும் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் வண்டி எந்தக் கல்லிலும் இடிக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு சின்னக் குழியிலும் எங்களைத் தூக்கிப் போட்டது.

“எப்படி இருக்கு ஞானமணி?”

“நல்லாத்தான் இருக்கு. எல்லாப் பயலும் குட்டையாத் தெரியிறான்.”

மாமா சிரித்தார். அத்தை இப்போது கத்துவதில்லை. என் மணிக்கட்டில் நகம் பதியப் பிடித்துக்கொள்வார். ஆஸ்பத்திரியில் என்னிடம், “ஆசையாப் பண்ணிருக்காரு. நீ ஒண்ணும் சொல்லாத” என்றார்.

பன்னிரண்டாம் நாள், திருச்சி மண்டியில் இறக்கப் பின்னால் இருபது மூட்டை கடலை இருந்தது. மாத்தூர் தாண்டும்போது அத்தை தூங்கிவிட்டார். ஆஸ்பத்திரி வாசலில்தான் கண் விழித்தார்.

“என்ன, ரோடு புதுசாப் போட்டுருக்கானா?”

மாமா திரும்பிப் பின்னாலிருந்த கடலை மூட்டைகளைப் பார்த்தார். “ஆமா, போட்டுருக்கான்” என்றார்.

அன்று சாயங்காலம், “பாரம் இருந்தாத்தான் பட்டை அமுங்குது” என்று சொல்லி அவர் சாக்குகளில் செம்மண் அள்ளினார். பத்து மூட்டை.

“அந்தப் பட்டையைக் கழட்டிறலாமே மாமா” என்றேன்.

“கட்டை வைக்க இனிக் காசு இல்ல, கழட்டுனா மறுபடி உக்காந்து கல்லுல இடிக்கும் ஆத்தா. இங்கிட்டும் வலி, அங்கிட்டும் வலி.” சாக்கின் வாயைக் கட்டினார். “ஆளு ஏத்தத்தான்னு அவன்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்.”

மறுநாளிலிருந்து மண்மூட்டைகளும் எங்களோடு திருச்சிக்குப் போய் வந்தன. ஆஸ்பத்திரிக்குப் போவது மட்டும் தெரிந்த டீக்கடைக்காரர் மலையாண்டி கேலி செய்தார்: “என்ன சூசை, மண்ணுக்கும் வைத்தியம் பாக்குறியா?” மாமா டீயைக் குடித்துவிட்டு வண்டியை எடுத்தார். அத்தை தினமும் போகும்போதும் வரும்போதும் தூங்கினார்.

அப்படி ஏழு நாள் கிடைத்தது. இருபதாம் நாள் ஆஸ்பத்திரியில் மூச்சுத் திணறி, மதியத்துக்குள் அத்தை இறந்துபோனார். ஆம்புலன்ஸ் தருகிறோம் என்றார்கள். மாமா வேண்டாம் என்றார்.

தகவல் கேட்டு அத்தையின் தம்பி சார்லஸ் வந்திருந்தார். “மண்ணை எறக்கிப் போட்டுருவோம் மச்சான். எடம் வேணும்ல. இனி அக்காவுக்கு என்ன வலி?”

மாமா பின்னால் ஏறினார். மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்து இரண்டு ஓரங்களிலும் அடுக்கினார். பத்தில் ஒன்றைக்கூட இறக்கவில்லை. நடுவில் பாய் விரித்து அத்தையைப் படுக்க வைத்தோம். நான் தலைமாட்டில் உட்கார்ந்தேன்.

பின்னால் வந்த பஸ்கள் ஹாரன் அடித்து ஒதுங்கிப் போயின. மாமா முப்பதுக்கு மேல் போகவில்லை. மாத்தூர் தாண்டியதும் முன்னாலிருந்து குரல் கொடுத்தார்.

“தூக்கிப் போடுதா ஆத்தா?”

“இல்ல மாமா.”

கண்மாய்க் கரையில் இன்னும் மெதுவாக்கினார்.