வரைந்த பூனையும் சிமெண்ட் யானையும்

கார்க் என்ற ஊரின் பேரை ராக்கப்பனிடம் எடுக்கக் கூடாது. எடுத்தால் கையில் இருக்கிற டீ ஆறிப்போகும், கேட்டவன் காது பொசுங்கிப்போகும். ராஸ் அல் கைமா கடற்கரையில் ஹோட்டல் எழும்புகிற அந்த சைட்டில் எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்தும் யாராவது ஒருவன் எடுப்பான். வேலை முடிந்து, ஆட்கள் தங்குகிற கேம்புக்குப் போகும் பஸ் வருகிறவரைக்கும் பொழுது போக வேண்டுமே.

"அண்ணே, அயர்லாந்துல வீடு கெடச்சிருச்சா?" என்பான். அவ்வளவுதான், ஆரம்பித்துவிடும்.

ராக்கப்பன் ஷட்டரிங் ஃபோர்மேன். பலகை அடைத்து, முட்டுக் கொடுத்து, ஊற்றிய கான்கிரீட் தன் காலில் நிற்கிறவரைக்கும் தாங்கிப் பிடிக்கிற வேலை. சிவகங்கைப் பக்கத்துக்காரன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, மீசை முளைத்த கையோடு விமானம் ஏறியவன். ஷார்ஜா, புஜைரா, நடுவில் ஒரு வருஷம் சலாலா என்று சுற்றிப் பாதி வயசைப் பலகைக்குக் கீழேயே கழித்துவிட்டான். நல்ல வேலைக்காரன், வாய்தான் கெட்டது. ஒருத்தனைப் பாராட்டுவதைக்கூடத் திட்டுகிற மாதிரிதான் செய்வான்.

அவன் மனைவி உமாராணி இங்கேயே ஒரு கிளினிக்கில் நர்ஸாக இருந்தவள். பரீட்சை எழுதித் தேறி, அயர்லாந்தில் கார்க் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை வாங்கிக்கொண்டு போய் இரண்டு வருஷமாகிறது. மகள் சங்கீதா காரைக்குடியில் சித்தி வீட்டில் தங்கிப் படிக்கிறாள். உமாராணிக்கு அங்கே ஒரு வீடு அமைந்துவிட்டால் மகளும் போகலாம், ராக்கப்பனும் வளைகுடாவுக்குக் கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பலாம். மூன்று பேரும் ஒரு கூரைக்குக் கீழே இருந்ததே அவர்களுக்கு மறந்துபோயிருந்தது. வேலை கிடைத்தது, விசா கிடைக்கும் என்றார்கள், வீடு மட்டும் கிடைக்கவில்லை.

போன நவம்பரில் லீவு போட்டுப் போய்ப் பார்த்தான். உமாராணி இன்னொரு நர்ஸோடு ஒரே அறையில் இருந்தாள். புருஷன் வந்தால் தங்க இடமில்லை. ஊரின் மறுகோடியில் ஒரு மலையாளி வீட்டு சோபாவில் ராக்கப்பன் ஒரு மாதம் படுத்தான். காலை ஒரு பக்கம் நீட்டினால் தலை மறுபக்கம் தொங்கும். கட்டிய பெண்டாட்டியைப் பஸ் ஸ்டாப்பில் வைத்துப் பார்த்துப் பேசிவிட்டு வந்தான். பலகையில் இன்னும் இரண்டு நிமிஷம் என்று எழுத்து ஓடும், பஸ் வராது. மழை மட்டும் சொன்ன நேரத்துக்கு வரும்.

ஒரு நாள், வாடகைக்கு ஓர் அறை இருக்கிறது என்று கேள்விப்பட்டு உமாராணி அவனைக் கூட்டிக்கொண்டு போனாள். ஒரு தெரு முழுக்க ஜனம் வரிசையில் நின்றது. டாக்டர், வாத்தியார், கைக்குழந்தைக்காரி, எல்லோரும் நனைந்துகொண்டு. எதற்கு? அந்த ஒரே ஓர் அறையைப் பார்ப்பதற்கு. இவர்களும் நின்றார்கள். எதிர்ப்பக்கம் பார்த்தால் வரிசையாகப் பூட்டிய வீடுகள். கூரையில் செடி முளைத்திருந்தது. சுவர் விழாமல் இருக்க இரும்பு முட்டுக் கொடுத்திருந்தார்கள். முட்டு என்றால் கான்கிரீட் இறுகியதும் எடுப்பதுதானே ராக்கப்பனுக்குத் தெரிந்த முட்டு. இது துருப்பிடித்து, அடியில் பாசி படர்ந்து, வருஷக்கணக்காக நிற்கிறது. அதில் ஒரு வீட்டின் ஜன்னல் ஓட்டையைப் பலகையால் மூடி, அந்தப் பலகை மேல் ஜன்னல் மாதிரியே படம் வரைந்திருந்தார்கள். திரைச்சீலை, பூந்தொட்டி, பக்கத்தில் உட்கார்ந்து தெருவை வேடிக்கை பார்க்கிற ஒரு பூனை. எல்லாம் பெயிண்ட்.

ராக்கப்பன் அந்தப் பூனையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டான். அறை வேறு யாருக்கோ போய்விட்டது.

திரும்பி வந்ததிலிருந்து அந்தப் பூனைதான் அவன் பேச்சு. சைட் கேட்டுக்கு எதிரே கஃபட்டீரியா நடத்துகிற கீழக்கரைக்காரர் கௌஸ் முகம்மதுவுக்கு அந்தக் கதை மனப்பாடம். அந்த ஊரில் பழைய கட்டடத்தை இடித்துக் கட்டும்போது முன்பக்கச் சுவரை மட்டும் உரித்து நிறுத்திவிட்டு, பின்னால் கண்ணாடிப் பெட்டியைச் சொருகுகிறார்கள் என்பான். செத்தவன் முகத்தைக் கழற்றி உயிரோடு இருக்கிறவனுக்கு மாட்டின மாதிரி இருக்கும் என்பான். ஆற்றோரம் ஆபீஸ் கட்டடங்களில் மாடி மாடியாக விளக்கு எரியும், உள்ளே ஒரு நாற்காலிகூட இருக்காது. எதிரே சைக்கிள் வைக்கிற கொட்டகையில் ஆள் படுத்திருக்கும். புதிதாக ஒரு மாடி ஏற்ற வேண்டுமானால் தெருவில் போகிறவன் வருகிறவன் எல்லாம் ஆட்சேபம் எழுதிப் போடலாம். ஒரு கிழவிக்கு அடுப்படியில் வெளிச்சம் குறைகிறது என்றால் போதும், வருஷக்கணக்கில் வேலை நிற்கும்.

"எனக்கு நம்ம பயலுக இருவது பேரைக் குடு பாய். அடுத்த மழைக்குள்ள அந்தத் தெருவையே குடியேத்திக் காட்டுறேன்" என்று முடிப்பான்.

"அங்க மழைக்கு எடையில இன்னொரு மழை வரும்னு நீங்கதானே சொன்னீங்க" என்பார் கௌஸ், அடுத்த கிளாஸைக் கழுவிக்கொண்டே.

இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிற ஆளில்லை டெக்லன். அந்த சைட்டின் பெரிய மேனேஜர். செம்பட்டை முடி. ஆட்கள் மறைவில் செம்மண்டை என்பார்கள். பிறந்து வளர்ந்தது சாட்சாத் அதே கார்க். வெள்ளைக்காரர்களில் அவன் ஒருத்தன்தான் கௌஸ் கடையில் ஏலக்காய் போட்டுக் கொதிக்கிற கரக் டீக்கு அடிமையாகி ரோட்டைத் தாண்டி வருவான். தாண்டி வந்ததும் முதல் வேலையாக ரோட்டைத் திட்டுவான். எதிர்க்கடைக்குப் போக டாக்ஸி பிடிக்க வேண்டிய ஊரை யாராவது ஊர் என்பார்களா? நடைபாதை பாதியில் மணலுக்குள் விழுந்து செத்துக் கிடக்கிறது. கட்டடமெல்லாம் செண்டு பாட்டில் மாதிரி நிற்கிறது, ஒரு ஜன்னல் திறக்காது. மனிதன் நடக்க முடியாத இடம் ஊரில்லை, குடோன் என்பான். சைட் இங்கிலீஷும் இந்தியும் கலந்த பேச்சில் ராக்கப்பனும் விட்டுக்கொடுக்க மாட்டான். குடோனிலாவது சரக்கு இருக்கும், உங்கள் ஊரில் பூனை படம்தான் இருக்கிறது என்பான். தினமும் இதே பாட்டு. இரண்டு பேருக்கும் மற்றவனைக் கண்டால் ஆகாது. ஆனாலும் ஒரே நேரத்துக்குத்தான் டீ குடிக்க வருவார்கள்.

ஒரு நாள் உமாராணி போன் செய்து அழுதாள். அவள் இருந்த வீட்டையே வீட்டுக்காரன் விற்கிறானாம், கோடைக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டானாம். சங்கீதாவை ஜூனில் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்றிருந்தது மண்ணாய்ப் போனது. அந்தக் கோபத்தோடு ராக்கப்பன் கடைக்கு வந்தான். டெக்லன் முன்னால் போனைத் தூக்கிப் பிடித்து, பாருங்கள் உங்கள் ஊர் லட்சணத்தை, இந்தப் பூனைக்கு வீடு இருக்கிறது, என் பிள்ளைக்கு இல்லை என்றான். ஆட்கள் சிரித்தார்கள்.

டெக்லன் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அந்த மாதிரி ஒன்று என்னிடமும் இருக்கிறது என்றான். குன்று மேல் ஒரு சந்தில் அவன் அம்மா இருந்த வீடு. அவள் செத்தபின் பின்பக்கம் இரண்டு அறை இழுத்துக் கட்டப் பார்த்தானாம். பக்கத்து வீட்டுக் கிழவி ஆட்சேபம் போட்டு நிறுத்திவிட்டாளாம். அந்த வெறுப்பில் ஜன்னலுக்கெல்லாம் பலகை அடித்துப் பூட்டிவிட்டு வளைகுடாவுக்கு வந்தவன், பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. ஊர் பார்த்துக்கொண்டு கிடக்கட்டும், இடிந்து விழட்டும் என்றான்.

ராக்கப்பன் கிளாஸைக் கீழே வைத்தான். இத்தனை நாள் ஊர் ஊர் என்று திட்டிக்கொண்டிருந்தது, பார்த்தால் எதிரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறது. நீ எல்லாம் மனுஷனா என்பதை மரியாதையான இந்தியில் எப்படிச் சொல்வதோ அப்படிச் சொன்னான். வீட்டைத் தா, நான் போய் ஓடு மாற்றுகிறேன், படி சரி செய்கிறேன், வாடகையும் தருகிறேன் என்றான். டெக்லன் அசையவில்லை. முன்பக்கம் அரசாங்கம் காக்கிற பழைய கட்டட லிஸ்டில் இருக்கிறது, ஓட்டுக்கு அனுமதி, ஜன்னலுக்கு அனுமதி, கிழவி இன்னும் உயிரோடு இருக்கிறாள், மாட்டேன் என்றான்.

"ஆளில்லாத வீட்டைப் பூட்டி வச்சுக் காவல் காக்குறவன் எங்க ஊர்ல பேய்தான்" என்று ராக்கப்பன் தமிழிலேயே சொன்னான். கௌஸ் அதைப் பக்குவமாக மொழிபெயர்த்தார்.

டெக்லன் மெதுவாக ராக்கப்பனின் போனைக் கையில் வாங்கினான். முகப்புப் படம் ராக்கப்பன் தன் ஊரில் கட்டிய வீடு. மூன்று மாடி, முன்னால் நீலக் கண்ணாடி, கேட்டுக்கு இரண்டு பக்கமும் துதிக்கை தூக்கிய சிமெண்ட் யானைகள். சைட்டில் அதைப் பார்க்காத ஆளில்லை. புதுசாக வருகிறவனுக்கு ராக்கப்பன் முதலில் காட்டுவது அதைத்தான்.

"இதுல யாரு இருக்கா?" என்று டெக்லன் சைட் இந்தியில் கேட்டான்.

யாரும் இல்லை. கிரகப்பிரவேசத்துக்குப் பிறகு லீவுக்கு வந்தபோது இரண்டு முறை திறந்ததோடு சரி. ராக்கப்பன் போனுக்குக் கை நீட்டினான்.

"எங்க ஊர்க்காரன் பூனையப் பெயிண்ட்லதான் வரைஞ்சான். நீ யானைய சிமெண்ட்ல செஞ்சு வச்சிருக்கே" என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தான். எழுந்து போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னான். முதலில் நீ உன்னுடையதைத் திற, பிறகு நான் என்னுடையதைத் திறக்கிறேன். அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் கடை நிறைய ஆள் இருந்தது.

அன்றைக்கு ராத்திரி ராக்கப்பன் உமாராணிக்குப் போன் போட்டு, அந்தச் செம்மண்டை இப்படிப் பேசிவிட்டான் என்று பொருமினான். அவளும் சேர்ந்து திட்டுவாள் என்று நினைத்தான்.

"அவர் கேட்டதுல என்னங்க தப்பு?" என்றாள் உமாராணி. "நான் இங்க ஒரு கட்டிலுக்கு அலையிறேன். அங்க அத்தனை ரூம்லயும் பல்லி குடித்தனம் நடத்துது. உங்க தம்பி வீட்ல ஒழுகாத எடம் பாத்துப் புள்ளைகளைப் படுக்க வைக்கிறாக."

"அவன் பேச்சை எடுக்காதே."

"எடுப்பேன். யானை அவரு டிராக்டர் போற வழியில நிக்குது, கொஞ்சம் தள்ளி வைங்கண்ணேன்னுதான் கேட்டாரு. அதுக்கு நீங்க வீட்டையே பூட்டுனீங்க."

நடந்தது அதுதான். பின்னால் ஓட்டு வீட்டில் இருக்கிற தம்பி உடையப்பன், கட்டுகிறபோதே வந்து கேட்டான். என் காசு, என் இடம், என் யானை, நீ யார்டா ஆட்சேபம் பண்ண என்று இவன் கத்தினான். சாவியைத் தம்பியிடம் கொடுக்காமல் பஸ் ஸ்டாண்டு மளிகைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு விமானம் ஏறினான். ஆறிப்போயிருக்க வேண்டிய சண்டை, பூட்டு போட்ட மாதிரி அப்படியே இருந்தது.

மூன்று நாள் முறுக்கிக்கொண்டு திரிந்தான். நாலாம் நாள் தம்பிக்குப் போன் போட்டான்.

"மளிகைக் கடையில சாவி கெடக்கு. வாங்கிக் குடி போ."

அந்தப் பக்கம் உடையப்பன் டிராக்டரை நிறுத்துகிற சத்தம் கேட்டது. "எதுக்குண்ணே?" என்றான்.

"வீடு எதுக்குடா? குடியிருக்கத்தான்."

"யானை?"

"கெடக்கட்டும். இல்லாட்டி இடி. உன் இஷ்டம்."

"சரசுவக் கேட்டுச் சொல்றேண்ணே."

ராக்கப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று மாடி வீட்டைத் தூக்கிக் கொடுத்தால் பெண்டாட்டியைக் கேட்டுச் சொல்கிறானாம். போனை வைத்துவிட்டுப் பலகை அடிக்கிற ஆட்களைக் காரணமில்லாமல் விரட்டினான்.

அடுத்த வாரம் தம்பி ஒரு படம் அனுப்பினான். படத்தில் யானை இருந்தது. அதன் துதிக்கையில் ஒரு முனை, கேட்டுக் கம்பியில் மறுமுனை என்று கயிறு கட்டிச் சேலை, பாவாடை, பள்ளிக்கூடச் சட்டை எல்லாம் காய்ந்துகொண்டிருந்தன. நீலக் கண்ணாடியில் சரசு கோலப்பொடிக் கையைத் துடைத்த தடம். பார்த்ததும் ராக்கப்பனுக்குப் பொறுக்கவில்லை. அதே எரிச்சலோடு நேராகக் கௌஸ் கடைக்குப் போய் டெக்லன் முகத்துக்கு நேரே போனை நீட்டினான்.

"பாத்துக்க சார். ஆள் இருக்கு, துணி காயுது. கலாஸ், முடிஞ்சுது. சாவிய எடு."

டெக்லன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். சிரித்து ஒப்பேற்றப் பார்த்தான். யாரும் கூடச் சிரிக்கவில்லை. கௌஸ் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். கடைசியில் செம்மண்டை வாயிலிருந்து வந்தது, சாவி தன்னிடம் இல்லை என்று. தண்ணீர்க் குழாய் வெடித்தால் திறப்பதற்காக அந்தத் தெரு வழக்கப்படி பக்கத்து வீட்டில் கொடுத்திருக்கிறது. அதாவது அந்தக் கிழவியிடம்.

ராக்கப்பன் பெஞ்சில் உட்கார்ந்து டீ சொன்னான். நான் தம்பிக்குப் போன் போட்டேன், நீ கிழவிக்குப் போடு என்று அவன் வாய் சொல்லவில்லை, உட்கார்ந்த தோரணை சொன்னது.

டெக்லன் ரோடு முடிந்து மணல் தொடங்குகிற இடத்துக்குப் போய் நின்று போன் பேசினான். தூரத்திலிருந்து பார்க்கக் கை ஆடுவது தெரிந்தது, கத்துவது கேட்டது. நெடுநேரம் கழித்துத் திரும்பியபோது முகம் முடியின் நிறத்துக்கு வந்திருந்தது. உன் மனைவி சனிக்கிழமை போய்ச் சாவியை வாங்கிக்கொள்ளட்டும் என்றான். உள்ளே என்ன வேண்டுமானாலும் செய், முன்பக்கத்தில் ஜன்னல் பலகை தவிர ஓர் ஆணியை அசைத்தாலும் நானே ஆட்சேபம் போடுவேன் என்றான். நன்றி சொல்லலாமா என்று ராக்கப்பன் யோசிக்கிற அளவுக்குக்கூட அவன் நிற்கவில்லை.

வேலையை முடித்துக்கொண்டு ராக்கப்பன் கோடையில் கார்க் போய்ச் சேர்ந்தான். சங்கீதா ஆகஸ்டில் வந்தாள். இப்போது அவனுடைய குரல் மெசேஜ்கள் கௌஸ் கடையில் சத்தமாக ஓடுகின்றன. கேம்ப் பஸ் வருகிறவரைக்கும் எல்லோரும் கேட்கிறார்கள்.

"பாய், இவனுகளுக்குக் கட்டவும் தெரியல, கட்டுனதுல குடியிருக்கவும் விடத் தெரியல. ஓட்டு நிறத்துக்கு அனுமதி கேட்டு எழுதியாச்சு, பதில் வர்றதுக்குள்ள எம்மவளுக்குக் கல்யாணமே ஆயிரும். ஒழுகுற எடத்துல சட்டி வச்சிருக்கோம். ஞாயித்துக்கெழமை சுத்தியல் சத்தம் வரக் கூடாதுன்னு கெழவி வேலிக்கு அங்கிட்டு நின்னு மெரட்டுறா. நானும் தமிழ்லயே குடுத்துட்டேன். ஊராய்யா இது? பலகையக் கழட்டிட்டோம், சங்கீதா ஜன்னல்ல ஒக்காந்து படிக்குது. அந்தப் பய உடையப்பன் என்ன பண்ணியிருக்கான் தெரியுமா? டிராக்டரைத் திருப்பும்போது எடப்பக்கத்து யானை துதிக்கைய ஒடச்சிட்டானாம். ஒடச்சுட்டு, சிமெண்டு என்ன கலவைன்னு எனக்கே போன் போட்டுக் கேக்குறான்."