முள்வேலிக் கேட்டில் என் தொடர்கதை

இளையவர்களுக்காக நாவல் எழுதுகிறவள் என்று என்னைப் பேசக் கூப்பிடுகிறவர்கள், முதல் வாசகர் யார் என்று தவறாமல் கேட்கிறார்கள். எனக்கு முதலில் கிடைத்தவர்கள் வாசகர்களே அல்ல, காது கொடுத்துக் கேட்டவர்கள்.

மலாயாவில் அவசரகாலம் அது. டுரியான் துங்காலுக்குப் பக்கத்தில் எங்கள் ரப்பர்த் தோட்டத்தைச் சுற்றி முள்வேலி. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசியோ சேதியோ போய்விடக் கூடாதென்று, பால்மரம் வெட்டப் போகிறவர்களைக் காலையில் கேட்டில் நிறுத்திச் சோதிப்பார்கள். நானோ வாராவாரம் சிங்கப்பூர்ப் பத்திரிகை ஒன்றுக்குத் தொடர்கதை அனுப்பிக்கொண்டிருந்தேன். அதுவும் அந்தக் கேட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். காவலுக்கு நின்ற மலாய்க்காரருக்குத் தமிழ் தெரியாது. அதனால் தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துப் பெரிய கிராணி அத்தியாயத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். மனசுக்குள் படித்தாலே போதும்தான். ஆனால் அவருக்குக் குரல் நன்றாக இருந்தது, அது அவருக்கும் தெரியும். சோதனை முடிந்தவர்கள்கூட நகராமல் நின்று கேட்பார்கள்.

எனக்குப் பதினேழு வயது. தூரத்து மாமா மகனுக்கு என்னைக் கேட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வெற்றிலை பாக்கு மாற்றுவதாக ஏற்பாடு. எனக்கோ துளியும் இஷ்டமில்லை, சொல்ல வாயும் வரவில்லை. ஆகவே கதையில் வரும் பெண்ணுக்கும் அதே கல்யாணத்தைப் பேசி, அவளை வீட்டைவிட்டு ஓட வைத்தேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, அவள் வெட்டுக்குப் போவதும் வேறு கேட் வழியாக என்ற தைரியம். அந்த வாரம் பார்த்துக் கங்காணி அவளை எங்கள் பக்கம் மாற்றிவிட்டார்.

பெண் காட்டுக்குள் ஓடிய இடத்தில் கிராணி நிறுத்தினார். அந்த நாளில் காட்டுக்கு ஓடினால் யாரிடம் போய்ச் சேர்வார்கள் என்பது ஊருக்கே தெரியும். எனக்குத்தான் அந்தப் புத்தி இல்லை.

"இதுக்கு நான் கையெழுத்துப் போட ஏலாது, பிள்ளை. அவளை வேறெங்கையாவது அனுப்பு."

வரிசையே யோசனை சொல்லத் தொடங்கியது. பாச்சாங்கில் பெரியம்மா வீடு இருப்பதாக எழுதச் சொன்னார் ஒருவர். தங்கா பத்துக் கடற்கரைதான் அழகு என்றார் இன்னொருவர்.

கடைசியில் வரிசையில் நின்ற அம்மா கிராணியைப் பார்த்துச் சொன்னாள்: "அவ எதுக்குங்கய்யா ஓடணும்? கட்டிக்க மாட்டேன்னு அம்மாகிட்ட சொல்லட்டும். அம்மா என்ன, கடிச்சா தின்னுடுவா?"

அப்படியே எழுதினேன். கிராணி கையெழுத்துப் போட்டார், அத்தியாயம் லாரியில் ஏறியது. நான் அம்மாவிடம் போய், "மாட்டேம்மா" என்றேன்.

"யாரு, கதையில வர்றவளா?"

"நான்தாம்மா."

அம்மா பால் வாளியை எடுத்துக்கொண்டாள். "அப்ப ஞாயித்துக்கிழமை வர வேணாம்னு சொல்லி விட்டுடுறேன்" என்று சொல்லிவிட்டு வேலைக்கு நடந்தாள்.