பதினேழாம் நம்பர் மனையில் ஒரு வாய்க்கால்

போன ஞாயிற்றுக்கிழமை காலை என் கணவர் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார். ஓட்டை பனியன், கழுத்தில் பழைய துண்டு, கையில் தேய்ந்துபோன பல்துலக்கும் பிரஷ். காதோரம் வழிகிறதே என்று சொல்லக் கிட்டப் போனவள், அந்த நெடி மூக்கில் ஏறியதும் சொல்ல வந்ததை மறந்து நின்றுவிட்டேன். உங்களுக்கு அது சாயத்தின் நெடியாக இருக்கலாம். எனக்கு அது பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சந்தில், மாடிப்படிக்குக் கீழே இருந்த வரைபடக் கடையின் நெடி. நான் முதன்முதலில் வேலை பார்த்த இடம்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஐ.டி.ஐ.யில் டிராஃப்ட்ஸ்மேன் படித்துவிட்டு அங்கே டிரேசராகச் சேர்ந்திருந்தேன். டிரேசர் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். வரைந்துவைத்த ஒரு படத்தின் மேல் கண்ணாடி போன்ற தாளை விரித்து, கறுப்பு மையால் அப்படியே படியெடுக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தத் தாளை அம்மோனியா மெஷினில் கொடுத்தால், எத்தனை பிரதி வேண்டுமானாலும் ஊதாக் கோடுகளோடு வந்து விழும். கூடவே கண்ணைக் கரிக்கும் நெடியும் வரும். தயிர்சாதத்தில் அந்த நெடி, தலைப்பின்னலில் அந்த நெடி. சாயங்காலம் ஆவடி பஸ்ஸில் நான் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் இரண்டு நிறுத்தத்துக்குள் எழுந்து போய்விடுவார். அந்தக் கூட்டத்திலும் தாராளமாக உட்கார்ந்து ஊர் போய்ச் சேர்ந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

கடையில் எனக்கு உயிர், பின்பக்கத் தகர டிரம்மில் சுருட்டி நிறுத்தியிருந்த பழைய கிராம வரைபடங்கள். வெள்ளைக்காரன் காலத்தில் அளந்து, பிறகு திருத்தித் திருத்திப் படியெடுத்தவை. முதுகில் துணி ஒட்டியிருக்கும். நாங்கள் ரயிலில் கடந்துபோகிற அண்ணனூர் பணிமனை அதில் வெறும் வயல். வேலப்பன்சாவடியும் கரையான்சாவடியும் நெடுஞ்சாலை ஓரத்துக் குட்டிச் சதுரங்கள். மாட்டுவண்டிக்காரர்கள் இறங்கி இளைப்பாறிய இடங்கள் என்று கடை முதலாளி பாஸ்கர் அண்ணன் சொல்வார். எங்கு பார்த்தாலும் ஏரி, தாங்கல் என்கிற சிற்றேரி, அவற்றைக் கோத்துக்கொண்டு நீல நிறத்தில் ஓடும் இரட்டைக் கோடு. அந்தக் கோட்டுக்குள் தண்ணீர் போகும் திசையைக் காட்ட ஒரு அம்பு. சாப்பாட்டு நேரத்தில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு தாளில் விட்ட அம்பை அடுத்த தாளில் பிடித்து, விரலாலேயே கூவம் வரை போய்வருவேன். ஒருமுறை ரசத்தைச் சிந்தி ஒரு கிராமத்தையே மஞ்சளாக்கி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அப்படி விரலால் நடந்த ஒருநாள்தான் எங்கள் வாய்க்கால் அதில் இருப்பதைக் கண்டுபிடித்தேன்.

எங்கள் வாய்க்கால் என்று உரிமையாகச் சொல்கிறேனே தவிர, அது ஆவடியில் தொழிற்சாலைக் குடியிருப்பின் மதிலுக்கு வெளியே ஓடியது. அப்பாவுக்குத் தொழிற்சாலையில் வேலை. திருநெல்வேலியிலிருந்து வந்தவர். மதிலுக்கு உள்ளே நாங்கள், தமிழ்நாட்டின் எல்லா மாவட்டத்துப் பேச்சும் கலந்து கட்டிய கூட்டம். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பழைய கிராமம். ஏரி நிரம்பி, கலங்கல் என்கிற தடுப்புச்சுவரைத் தாண்டி விழும் தண்ணீர் அந்த வழியாகத்தான் கூவத்துக்குப் போகும். எண்பதுகளில், கார்த்திகை மாதத்து விடுமுறை நாட்களில் நான் படித்ததைவிட அதில் மீன் பிடித்ததே அதிகம். அம்மாவின் கிழிந்த புடவையை ஒரு முனையில் நான் பிடிப்பேன், மறுமுனையில் கஸ்தூரி. அவள் அந்தப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். முதல் நாளே என்னைப் பார்த்து, "இன்னாடி இது, மீன் புடிக்க வந்துகினு செருப்பு போட்டுகினு கீறே?" என்று சிரித்தாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் ஒரு செருப்பைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. அது கூவத்துக்குப் போயிருக்கும் என்று அன்றைக்கு அவள் சொன்னது சரிதான் என்று, பத்து வருஷம் கழித்து அந்த அம்பு எனக்குச் சொன்னது. நெடியில் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

இனி நான் செய்த காரியத்துக்கு வருகிறேன். சுற்றி வளைப்பது போதும்.

ஒரு மனை வியாபாரியின் ஆள் லேஅவுட் வரையச் சொல்லி வந்தான். மனைப்பிரிவின் பெயர் 'கார்டன்' என்று முடியும். தோட்டம் எதுவும் கிடையாது, செம்மண் கொட்டி நிரவிய பொட்டல்தான். கிராம வரைபடத்தை அடியில் வைத்து மனைகளைப் படியெடுத்தபோது, கை பழக்கத்தில் வாய்க்காலையும் சேர்த்தே வரைந்துவிட்டேன். பதினாலாம் நம்பரிலிருந்து இருபத்தொன்று வரை எட்டு மனைகளின் ஊடே இரட்டைக் கோடு. அவன் பார்த்துவிட்டு, "இந்த ரெண்டு கோடு வேணாம்மா, பார்க்க நல்லால்ல. சுரண்டிடு" என்றான். பாஸ்கர் அண்ணன் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார். மையைப் பாதிப் பிளேடால்தான் சுரண்டி எடுக்க வேண்டும். அது நான் மீன் பிடித்த வாய்க்காலின் கீழ்ப்பகுதி என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் சுரண்டினேன். சேர்ந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது, பயம். சுரண்டிய தூளை ஊதிவிட்டு வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அப்பாவின் தொழிற்சாலையிலேயே வேலை பார்க்கும் பையன், பெயர் செல்வம். கேசரி, பஜ்ஜி, அம்மாவின் பட்டுப்புடவை எல்லாம் ஆயிற்று. பையனின் அப்பாவுக்கு ஒரே பெருமை. "தம்பிக்கு ஒரு மனை பேசி முடிச்சிட்டோம், தையில பதிவு" என்று ஒரு தாளை எடுத்துத் தரையில் விரித்தார். விரிக்கும்போதே எனக்கு அம்மோனியா நெடி அடித்தது. பார்த்தால் என் கையெழுத்து. ஏழுக்கு நடுவில் நான் போடுகிற குறுக்குக் கோடுகூட இருந்தது. பதினேழில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருந்தார்கள்.

காபித் தட்டோடு நின்றேன். சொன்னால் இந்தச் சம்பந்தம் போய்விடும். பையனை வேறு எனக்குப் பிடித்துப் போயிருந்தது. பஜ்ஜியின் எண்ணெயை யாருக்கும் தெரியாமல் சாக்ஸில் துடைத்துக்கொண்டதைப் பார்த்துவிட்டிருந்தேன். சொல்லாவிட்டால், நான் சுரண்டிய இடத்திலேயே வீடு கட்டி, ஒவ்வொரு மழைக்கும் கட்டில் மேல் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

"அந்த மனை வாய்க்கால்ல இருக்கு" என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "படத்துல வாய்க்கால் இருந்துச்சு. சுரண்டினது நான்தான்" என்று அதையும் சொன்னேன்.

பையனின் அப்பா தாளை மடித்தார். "பொண்ணு ரொம்பப் பேசுது" என்றார், எழுந்தார். அவர்கள் போனதும் அம்மா, "ஏளா, ஒனக்கு வாய் சும்மா இருக்க மாட்டாதா?" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். கேசரியை இரண்டு நாள் நாங்களே சாப்பிட்டோம். சத்தியமாக, ஒவ்வொரு வாய்க்கும் அழுகை வந்தது.

சனிக்கிழமை மதியம் கடை வாசலில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. செல்வம்.

"மனை வாய்க்கால்ல இருக்குன்னு மட்டும் சொல்லியிருக்கலாமே. சுரண்டினது நீங்கன்னு ஏன் சொன்னீங்க?"

"பாதியைச் சொல்லிட்டு மீதியை எங்கங்க வச்சுக்கிறது?" என்றேன்.

அவர் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார். பிறகு, "நான் லேத்துல வேலை பார்க்கிறவன். அளந்து பார்த்தாத்தான் நம்புவேன்" என்றார்.

மறுநாள் அளக்கப் போனோம். நான், அவர், கையில் டேப், கடப்பாரை, கிராம வரைபடம். கல்யாணம் ஆகாதவர்களைத் தனியாக அனுப்ப முடியுமா என்று அம்மாவும் குடையோடு கூடவே வந்தாள். சர்வே கல்லிலிருந்து அளந்து அளந்து போனால் எங்கும் ஒரே செம்மண். வாய்க்காலின் சுவடே இல்லை. வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தது நான்தான் என்பது அரைமணி நேரம் கழித்துத் தெரிந்தது. அதற்குள் ஒரு எருமை எங்களை நோக்கி வந்தது. எருமைக்குப் பின்னால் கஸ்தூரி.

"இன்னாடி, வெயில்ல மூணு பேரும் இன்னா தேடிகினு கீறீங்கோ?"

"வாய்க்காலை."

"அட, உன் காலாண்டதான் கீது!" என்று அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அந்தப் பன மரத்த பாரு, அதான் கரை. எரும இன்னும் இங்கதான் வந்து படுக்குது, அதுக்குத் தெரியுது."

செல்வம் அந்த இடத்தில் கடப்பாரையைப் போட்டார். ஒரு சாண் செம்மண். அதற்குக் கீழே கறுப்புக் களி, களியில் வெள்ளை வெள்ளையாக நத்தை ஓடுகள். ஒன்றை எடுத்துச் சட்டையில் துடைத்து, வெயிலில் தூக்கிப் பார்த்தார். பிறகு சிரித்தார். இரண்டு ஓடுகளைப் பையில் போட்டுக்கொண்டு அம்மாவிடம், "அத்தை, குடையை இப்படிக் குடுங்க, நான் பிடிக்கிறேன்" என்றார். அந்த 'அத்தை'யைக் கேட்டதும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

திங்கட்கிழமை கடைக்குப் போனதும் அந்த டிரேசிங்கை எடுத்து வாய்க்காலை மறுபடி வரைந்தேன். ஆனால் பாருங்கள், பிளேடால் சுரண்டிய தாள் சொரசொரப்பாகிவிடும். அதில் மை நிற்காது, பரவும். மெல்லிசாக நான் சுரண்டி எடுத்த வாய்க்கால், விரல் தடிமனுக்கு ஊதிப்போய்த் திரும்பி வந்தது. என் தோளுக்குப் பின்னால் பாஸ்கர் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். வேலை போயிற்று என்று நினைத்தேன். "நீ சுரண்டுனப்பவே எனக்கு மனசு ஒப்பலம்மா" என்றார். அம்பையும் மறக்காமல் போடச் சொன்னார்.

வியாபாரியின் ஆள் பிரதிகளுக்கு வந்தான். எட்டு மனைகளையும் விழுங்கிக்கொண்டு கொழுகொழுவென்று ஓடிய வாய்க்காலைப் பார்த்துக் குதித்தான். பாஸ்கர் அண்ணன் அசையவில்லை. "அங்க இன்னொரு தபா பிளேடு வெச்சா தாளு கிழிஞ்சிரும் சார். புச்சா வரையணும்னாலும் வாய்க்காலோடதான் வரைவோம்" என்றார். அதற்குள் செல்வத்தின் கையில் ஒரு பிரதி போய், மனைக்குப் பேசிவைத்திருந்த தொழிற்சாலைக் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் சுற்றிவிட்டது. கடைசியில் அந்த எட்டு மனைகளையும் வியாபாரி விற்காமல் விட்டுவிட்டான். செம்மண்ணையும் கஸ்தூரி வீட்டார் முன்னால் நின்று வாரியெடுக்க வைத்தார்கள். எங்களுக்கு மேட்டில் முப்பத்திரண்டாம் நம்பர் கிடைத்தது. செல்வத்தின் அப்பாவும் இறங்கி வந்தார். தையில் பதிவு, சித்திரையில் கல்யாணம். மாமனார் சாகும்வரை என்னை 'சர்வேயரம்மா' என்றுதான் கூப்பிட்டார்.

அந்த வருஷ மழைக்கே தண்ணீர் அம்பு காட்டிய திசையில் சரியாக ஓடியது. தொண்ணூறுகள் முடிகிற சமயத்தில் என் மகள் அதில் மீன் பிடித்தாள், அம்மாவின் குடையைத் தலைகீழாகப் பிடித்து. அம்மா கரையில் நின்று திட்டிக்கொண்டே, அந்தப் பக்கம் பார், இந்தப் பக்கம் பார் என்று மீன் காட்டிக்கொண்டிருந்தாள்.

இப்போது பூந்தமல்லியில் மெட்ரோ தூண்கள் வந்துவிட்டன. சந்தும் கடையும் இல்லை, பாஸ்கர் அண்ணனும் இல்லை. வாய்க்காலைப் பெட்டி மாதிரி கட்டி மேலே கான்கிரீட் போட்டு மூடிவிட்டார்கள். அதன் மேல்தான் எங்கள் தெருக்காரர்கள் கார் நிறுத்துகிறார்கள். நல்ல மழையில் காதை வைத்தால் அடியில் சத்தம் கேட்கும் என்று சொல்லத்தான் ஆசை. கேட்பதில்லை. வைத்துப் பார்த்துவிட்டேன்.

சாயத்தின் நெடியோடு உள்ளே வந்து கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்தேன். எங்கள் தெரு இருந்தது, மருந்துக்கடை இருந்தது, பிரியாணிக் கடைகூட இருந்தது. நீலக் கோடு இல்லை.

"என்ன தேடுற?" என்றார் இவர், காதோரம் சாயம் வழிய.

"வாய்க்காலை."

"உன் காலாண்டதான் கீது" என்றார். முப்பது வருஷமாக எங்கள் வீட்டில் எது தொலைந்தாலும் இதுதான் பதில். சாவி, மூக்குக் கண்ணாடி, கரண்டி, எல்லாவற்றுக்கும். நானும் வழக்கம்போலச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கைப்பேசித் திரையில் அந்த இடத்தில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். சுரண்டினால் சொரசொரப்பு இருக்க வேண்டுமே, அதில் மை வைத்தால் மறுபடி ஊறி வருமே என்று ஒரு நப்பாசை. கண்ணாடி வழவழவென்று இருந்தது.